மரத்துக்கும் கட்டி வரும்

‘ஸார், மரத்துக்கு கேன்சர் வருமா?’ என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். அவர் தெரு வேப்பமரத்தில் பூசணிக்காய் சைஸில் ஒரு புடைப்பு. நோய் பிடித்த மரம், வெட்டிடணும் என்று பக்கத்து வீட்டுக்காரர் மனுவும் கையுமாக அலைகிறாராம்.

வரும். ஆனால் நம்முடையதைப் போல ஊர் சுற்றாது. நம் உடம்பில் கேன்சர் செல் கழன்று ரத்தத்தில் ஏறிப் போய்விடும். மரத்தின் செல் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சுவர் கட்டி, பக்கத்து செல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபரே கிடையாது. அதனால் கட்டியைச் சுமந்துகொண்டே எத்தனையோ மரங்கள் பல வருஷம் நிழல் தருகின்றன. தெருமரப் புடைப்பு பல சமயம் கிளை வெட்டிய காயம் ஆறின தழும்புதான். உள்ளே உளுத்துப் பொந்தாகியிருந்தால் பயப்படலாம். வெறும் புடைப்புக்காக மனு எழுதுவது அநியாயம்.

நிஜமான வில்லன் ஒருத்தன் இருக்கிறான். அக்ரோபாக்டீரியம் என்று பெயர். மண்வாசி. ரோஜா, திராட்சை, ஆப்பிள் மாதிரிச் செடிகளில் தண்டும் வேரும் சேருமிடத்தில் காயம் பட்டால் போதும், கசிகிற ரசாயனத்தை மோப்பம் பிடித்து வந்துவிடுவான். கடிப்பதில்லை, அரிப்பதில்லை. தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடுகிறான். அதில் இரண்டு உத்தரவு. ஒன்று, ஹார்மோன்களைச் சுரந்து பெருகிக்கொண்டே இரு. இரண்டு, எனக்கு ஓப்பைன் என்ற ஸ்பெஷல் சாப்பாடு சமைத்துப் போடு. அப்புறம் ஆசாமியைக் கொன்றாலும் கட்டி வளரும். மெஸ்ஸில் ஆள் காலி பண்ணிப் போன பிறகும் இலை போடுகிற கதை.

கட்டிக்குக் காரணம் இவன்தான் என்று அமெரிக்காவில் எர்வின் ஸ்மித்தும் டவுன்ஸெண்டும் 1907-ல் சொன்னார்கள். டி.என்.ஏ. செருகுகிற திருட்டுத்தனம் மேரி-டெல் சில்டன் என்ற அம்மாளின் குழுவிடம் 1977-ல் மாட்டியது. உடனே மனுஷ புத்தி வேலை செய்தது. கட்டி ஜீனைத் தூக்கிப் போட்டுவிட்டு, நமக்கு வேண்டிய ஜீனை இவனிடமே கொடுத்தனுப்பினால் என்ன? 1983-ல் அதுவும் நடந்தது.

இந்தியாவில் 2002-ல் அனுமதி வாங்கிய பி.டி. பருத்திக்குள் காய்ப்புழுவைக் கொல்லும் ஜீன் போய்ச் சேர்ந்ததும் இந்த கூரியர் சர்வீஸில்தான். ஆதரவு, எதிர்ப்பு, கோர்ட், கேஸ் எல்லாம் தனிக்கதை. நீங்கள் இன்று போட்டிருப்பது காட்டன் சட்டையா? அதன் நூலுக்கும் அந்தக் கட்டிக்கும் தூரத்து உறவு இருக்க ரொம்பவே சான்ஸ் உண்டு.