ஏரிக்குள் ஒரு கடற்கரை

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் ரப்பர் பந்து கிரிக்கெட்டுக்கே இடம் போதாது. தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் இந்தப் பேட்டையிலிருந்து கோல்ஃப் பார்க்கக் கிளம்புகிறவர் மெஜஸ்டிக்கில் பஸ் மாறுவார். அந்தப் பஸ் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. போய்ச் சேரும் இடமும் ஏரிதான்: பழைய விமான நிலையச் சாலையை ஒட்டி, செல்லகட்டா ஏரி இருந்த இடத்தில் பச்சைப் பசேலென்று விரிகிறது கர்நாடக கோல்ஃப் சங்க மைதானம்.

வடிவமைத்தவர் பீட்டர் தாம்சன். 1954க்கும் 1965க்கும் இடையே பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 5 முறை வென்ற ஆஸ்திரேலியர். அந்தப் போட்டி நடப்பது 'லிங்க்ஸ்' எனப்படும் கடலோர மைதானங்களில். கடலுக்கும் வயலுக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல் மேடுகளில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வளர்த்த ஆட்டம் இது. நிழலுக்கு ஒதுங்க மரம் அபூர்வம். காற்றுதான் முக்கிய எதிராளி. பந்தை உயரத் தூக்காமல் தரையோடு உருட்டத் தெரிந்தவரே கெட்டிக்காரர். எவ்வளவு மழை பெய்தாலும் மணல் குடித்துவிடும்.

இந்தப் பாணியை இன்று உலகெங்கும் பிரதியெடுக்கிறார்கள். மண்ணைக் கொட்டி மேடு பள்ளம் உண்டாக்கலாம். கடற்காற்றுக்கு எங்கே போவது? அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே எதற்கும் உதவாத தரிசு ஆடுகளமாயிற்று. இங்கே ஊருக்கு உதவிய ஏரி.

கோரமங்களா - செல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் குழாய் வழியே கோலார் மாவட்டத்துக்குப் போகிறது. எதற்கு? அங்குள்ள ஏரிகளை நிரப்ப!