திரைக்குக் கை உண்டா?

உடற்பயிற்சிக் கருவிகளைப் பழகக் கைபேசித் திரையே போதுமாம், வாத்தியார் வேண்டாமாம்! உச்சிப்புளியில் ஒரு நண்பர் பெருமையோடு சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தப் பாடத்தை நானும் படித்தவன். காலால் எடை தள்ளும் கருவியைப் பற்றித் திரை கேள்வி கேட்டது. முழங்காலை விறைத்து நீட்டலாமா? கூடாது என்றேன். இடுப்பு பலகையை விட்டு எழும்பலாமா? கூடாது என்றேன். நூற்றுக்கு நூறு! மறுநாள் கருவியில் உட்கார்ந்து இரண்டையும் செய்தேன். மூன்று நாள் குனிய முடியவில்லை.

காமிராவால் பிழை காணும் திரைகளும் வந்துவிட்டன என்பார்கள். வரட்டும். கை தளர்ந்து பாரம் மார்பில் இறங்கும்போது அது பிடித்துக்கொள்ளுமா?

இந்தக் கரையோரத்தில் பனையேறி தன் மகனுக்கு மரமேறக் கற்றுத் தருகையில் அடியிலேயே நிற்பான். கால் பிசகினால் அதட்டுவான். அதுவல்லவா படிப்பு!

2016-இல் தமிழக அரசு 500 ஊராட்சிகளுக்கு அம்மா உடற்பயிற்சிக் கூடங்களை அறிவித்தது. கிராமத்துப் பிள்ளைக்கும் கருவி வேண்டும் என்ற நினைப்பு நல்லதே. ஆனால் கருவி வாங்கக் காசிருக்கிற இடத்தில் வாத்தியார் சம்பளத்துக்கு மட்டும் கை சுருங்கக் கூடாது.

திரை பாடப் புத்தகமாக இருக்கட்டும். வாத்தியார் உத்தியோகத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.