பறக்க வேண்டிய விட்டில்

பழம்பொருளைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பூட்டுதலே அதற்குச் செய்யும் மரியாதை என்பது பலருடைய கொள்கை. சிலைக்கும் ஏட்டுச்சுவடிக்கும் இது பொருந்தலாம். பறப்பதற்கென்றே பிறந்த யந்திரத்துக்கும் பொருந்துமோ? பொருந்தாது என்பதே எம் துணிபு.

ஆங்கில நாட்டு விமான நிர்மாணியாகிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், ஈரடுக்குச் சிறகும் இரண்டு ஆசனமும் உடைய சிறு விமானமொன்றை 1925ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தாமே ஓட்டிச் சோதித்தார். பூச்சியினங்களை ஆராய்வதில் அவர் பெருவிருப்புடையவர்; ஆதலின் அதற்கு 'மாத்', அதாவது விட்டில், என்று பெயரிட்டார். 1930இல் ஏமி ஜான்சன் என்னும் இளநங்கை அவ்வினத்து விமானமொன்றில் தனியே ஏறி, மே 5ஆந் தேதி லண்டனையடுத்த குராய்டனை விட்டு, 24ஆந் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். 1931இல் தோன்றிய 'டைகர் மாத்' இரண்டாம் உலக யுத்தத்தின்போது பல்லாயிரம் விமானிகளுக்கு அரிச்சுவடியாயிற்று.

டக்ஸ்ஃபோர்டு விமானத்திடலில் டைகர் மாத் ஒன்றில் பறக்கும் பேறு எமக்கும் ஒருமுறை வாய்த்தது. அதன் எஞ்சின் 130 குதிரைச் சக்தியே உடையது. ஒருவர் முன்னின்று கையால் விசிறியைச் சுழற்றிவிட, அது உயிர் பெற்றது. சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. தலைக்குமேல் கூரையும் இல்லை. சிறகுகளைப் பிணைக்கும் கம்பிகள் வேகம் மிகுந்தால் உரக்கப் பாடின. வேகம் தணிந்தால் குரல் தாழ்த்தின. விமானம் பக்கவாட்டில் வழுக்குமாயின் காற்று ஒரு கன்னத்தில் அறைந்து அதனை அறிவிக்கும். திரும்புங்கால் கையிலுள்ள கோலை மட்டும் சாய்த்தால் மூக்கு எதிர்ப்புறம் விலகும். காலால் சுக்கானையும் உடன் இயக்கினாலன்றிச் செம்மையாய்த் திரும்பாது. செவியும் கன்னமும் கையும் காலும் ஒருங்கே கற்கும் இப்பாடத்தைக் காட்சிசாலையில் தொங்கும் விமானம் எங்ஙனம் புகட்டும்?

பறக்குந்தோறும் தேயுமே, விபத்து நேரின் அழியுமே என்பார் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஏமி ஜான்சன் ஓட்டிய விமானம் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதனை வானில் விடுமாறு யாம் கேளோம். ஒப்பற்றது காக்கப்படுக. ஆனால் டைகர் மாத்தோ 8,000க்கு மேற்பட்டுக் கட்டப்பட்டது. இன்றும் பறப்பன பல உள. அதன் சிறகு மரச்சட்டமும் துணியுமே. துணி நைந்தால் புதுத்துணி போர்த்தலாம். சட்டம் பழுதுற்றால் தச்சர் புதுக்கலாம்.

ஈண்டு இன்னுமொன்று கருதத்தக்கது. பறவாத விமானத்துக்குத் தச்சர் வேண்டியதில்லை. துணி தைத்து மெருகிடுவாரும் வேண்டியதில்லை. அவர் தொழில் ஒரு தலைமுறை நின்றால், பின்னர் எவரேனும் விழைந்தாலும் அதனைப் பறக்கச் செய்வார் இரார். பொருள் எஞ்சி, அதனை ஆளும் கலை மாய்வதைப் பாதுகாப்பு என்னலாமோ? தேய்மானத்தை அஞ்சி அவற்றைப் பூட்டிவையாமல், தக்க பரிசோதனையோடும் பயிற்சியோடும் வானில் விடுதலே அறிவுடைமையாகும்.