வெளிச்சம் வரட்டும், பார்வை வேண்டாம்

மும்பையிலோ தில்லியிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் பகல் 12 மணிக்கு நுழைந்து பாருங்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே எல்லா ஜன்னல்களிலும் கனத்த திரை. கூடத்தில் டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கிறது. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எதிர் வீட்டிலிருந்து எல்லாம் தெரிகிறதே!"

நியாயமான பதில்தான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கார் போகும் அகலம் இருந்தாலே பெரிது என்றாகிவிட்ட நகரங்களில், எதிர் வீட்டு வாணலியில் என்ன பொரிகிறது என்பது வரை தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குள் ஆசுவாசமாக உட்கார யாருக்கும் உரிமை உண்டு. அதற்காகப் பகல் வெளிச்சம் முழுவதையும் விலையாகக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அந்த விலையைக் கொடுப்பது யார் என்பதையும் கவனிக்க வேண்டும். காலையில் டிபன் பாக்ஸுடன் கிளம்பிப் போகிறவர்கள் அல்ல. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் இல்லத்தரசியும், முதியவர்களும், கைக்குழந்தையும், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களும்தான்.

ஜன்னல் என்பது கட்டடம் கட்டுபவர் போனால் போகிறது என்று வைப்பதல்ல. அறையின் தரைப்பரப்பில் குறைந்தது இத்தனை பங்கு திறப்பு இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கே சொல்கிறது. சென்னை, மும்பை போன்ற ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் ஆறில் ஒரு பங்கு. ஜோத்பூர் போன்ற வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 120 சதுர அடி அறைக்குச் சென்னையில் 20 சதுர அடி ஜன்னல். இவ்வளவு கணக்குப் போட்டு வைத்த ஜன்னலை ஐந்து மீட்டர் துணி ஒரே இழுப்பில் சுவராக்கிவிடுகிறது.

சிக்கல் புதிதல்ல. நம் முன்னோர் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகளைக் கண்டிருக்கிறார்கள். ஜெய்ப்பூரில் சவாய் பிரதாப் சிங் 1799-ல் கட்டிய ஹவா மஹலின் 953 சிறு ஜன்னல்கள், அரண்மனைப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் வீதியைப் பார்ப்பதற்காக அமைந்தவை. கல்கத்தாவின் பழைய வீடுகளில் 'கொட்கொடி' என்ற மரப்பலகை ஜன்னல்கள் இருந்தன. நடுவில் உள்ள குச்சியை அசைத்தால் பலகைகள் ஒன்றாகத் திரும்பும். சத்யஜித் ரேயின் 'சாருலதா' (1964) படத் தொடக்கத்தில் நாயகி அந்த இடுக்கு வழியாகத்தான் தெருவைப் பார்க்கிறாள். கோவாவில் கண்ணாடிக்குப் பதிலாக, மெலிதான சிப்பி ஓடுகளை மரச்சட்டத்தில் பதித்தார்கள். வெளிச்சம் பால்போல் உள்ளே இறங்கும். உருவம் எதுவும் தெரியாது. வட இந்திய வராந்தாக்களில் மூங்கில் 'சிக்' இன்றும் தொங்குகிறது. தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கதவுகள். கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேல்கதவைத் திறந்து வைத்தால் தெருவில் போகிறவருக்கு உத்தரம் மட்டுமே தெரியும்.

ஜாலிகளுக்குப் பின்னால் பர்தா முறை இருந்தது என்பதை மறந்துவிட்டு அவற்றைப் புகழ முடியாது. அவை பெண்ணை அடைத்து வைக்கவும் பயன்பட்டன. ஆனால் அடைபட்டவளுக்கும் வெளியே பார்க்க ஓர் ஓட்டை இருந்தது. இன்றைய கனத்த திரை அதையும் மூடிவிடுகிறது.

சட்டமும் இந்த விஷயத்தில் தலையிட்டிருக்கிறது. ஒரு ஜன்னலுக்கு 20 ஆண்டுகள் இடையூறின்றி வெளிச்சம் வந்துகொண்டிருந்தால், பக்கத்து மனைக்காரர் அதை மறைத்துக் கட்டாதபடி தடுக்கும் உரிமையை 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தருகிறது. பக்கத்து வீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புதிய ஜன்னல் வைக்கக் கூடாது என்ற ஊர் வழக்கத்துக்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு. அத்தகைய வழக்கத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888-ல் ஏற்றுக்கொண்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. இருந்தும் எதிர் மாடி பால்கனிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஜன்னலில் என்ன மாட்டுவது என்று யோசிப்பதே சுலபம்.

யோசிப்பதற்கு முன் ஓர் எளிய விதியைத் தெரிந்துகொள்வது நல்லது. இருட்டான பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வெளிச்சமான பக்கம் தெரியும். வெளிச்சத்தில் நிற்பவருக்கு இருட்டுப் பக்கம் தெரியாது. ஜாலியும் மெல்லிய வலைத்துணியும் பகலில் வேலை செய்வது இதனால்தான். 'வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது' என்று கண்ணாடியில் ஒட்டித் தரப்படும் பளபள ஃபிலிமும் இதே விதியை நம்பித்தான் இருக்கிறது. விளக்கு வைத்தபிறகு நிலைமை தலைகீழாகிவிடும். ஒட்டியவர் மறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். தெருவுக்கு அவர் வீடு நாடக மேடையாகத் தெரியும். எனவே பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு அடுக்கு தேவை. இரட்டைக் கம்பியில் உள்ளே கனத்த துணி, கண்ணாடியை ஒட்டி மெல்லிய துணி என்பதே இதற்கு மலிவான வழி. மெல்லிய பட்டையும் கனத்த பட்டையும் மாறிமாறி வரும் 'ஜீப்ரா' பிளைண்டும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது.

அடுத்தது, பார்வை எங்கிருந்து வருகிறது என்பது. தெரு மட்டத்து வீட்டுக்கும் எதிரெதிர் மாடிகளுக்கும் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே பெரும்பாலும் போதும். ஜன்னலின் மேல்பகுதி வழியாக வரும் வெளிச்சம்தான் அறைக்குள் அதிக தூரம் போகும் என்பதால் நஷ்டமும் குறைவு. மேலிருந்து கீழே இறக்கக்கூடிய பிளைண்டுகள் இதற்காகவே கிடைக்கின்றன. வசதியில்லாதவர்கள் ஸ்பிரிங் கம்பியில் அரைத்திரை மாட்டலாம். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்கவும் வேண்டாம். குளியலறைக்குச் சொரசொரப்பான கண்ணாடியே சிறந்தது. இரவிலும் நிழலுக்கு மேல் எதுவும் தெரியாது.

கிடைப் பட்டைகள் உள்ள வெனிஷியன் பிளைண்டை வாங்கியவர்களில் பலர் அதை மூடிய நிலையிலோ திறந்த நிலையிலோ மட்டும் வைத்திருக்கிறார்கள். அதன் பலனே சாய்வில்தான் இருக்கிறது. கீழேயுள்ள தெருவிலிருந்து பார்வை வருகிறதென்றால் பட்டையின் வெளி விளிம்பு மேலே தூக்கியிருக்க வேண்டும். வானத்து வெளிச்சம் உள்ளே சரியும், தெரு மறைந்துவிடும். மேல்மாடி பால்கனியிலிருந்து பார்க்கிறார்கள் என்றால் வெளி விளிம்பு கீழே தாழ்ந்திருக்க வேண்டும். வெளிச்சம் கூரையில் பட்டு அறையெங்கும் பரவும்.

திசையும் முக்கியம். கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் வெயில் தாழ்வாக, நேராக நுழையும். அங்கே செங்குத்துப் பட்டைகள் உதவும். தெற்கு ஜன்னலுக்குக் கிடைப் பட்டை. வடக்கில் பெரும்பாலும் நேர் வெயில் இல்லை. மெல்லிய துணியே போதும். வெப்பத்தைத் தடுப்பதுதான் நோக்கமென்றால், திரை கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தை உள்ளே இருக்கும் திரையால் முழுதாகத் திருப்பி அனுப்ப முடியாது. வராந்தாவில் தொங்கும் சிக் இதில் ஏ.சி. அறையின் திரையைவிடப் புத்திசாலி. ஆனால் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் மூங்கில் பூசணம் பிடிக்கும். சமையலறைக்குத் துடைத்தெடுக்கக்கூடிய அலுமினியம் நல்லது.

குழந்தைகள் உள்ள வீட்டில் கயிற்றைக் கவனிக்க வேண்டும். தொங்கும் பிளைண்டு கயிற்றில் கழுத்து சிக்கிப் பல நாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கயிறு இல்லாத வகை கிடைத்தால் அதையே வாங்கலாம். இல்லையென்றால் கயிற்றைச் சுவரில் உயரமாக ஓர் ஆணியில் சுற்றிவைத்து, கட்டிலையும் தொட்டிலையும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போட வேண்டும்.

கடைக்காரர் பெரிய மாதிரிப் புத்தகத்தைப் பிரித்து நிறத்தையும் டிசைனையும்தான் காட்டுவார். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பகல் 12 மணிக்கு ஒரு முறை, விளக்குகளைப் போட்டுவிட்டு இரவு 8 மணிக்கு ஒரு முறை, தெருவில் இறங்கி நின்று சொந்த வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்ப்பது. முடிந்தால் எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் பால்கனியிலிருந்தும் பார்ப்பது. அங்கிருந்து எது தெரிகிறதோ அதை மட்டும் மறைத்தால் போதும்.