நட்சத்திர ஆமைக்கு ஒரு வீடு

வகுப்புத் தோழி ஒருத்தி, தன் நட்சத்திர ஆமைக்கு வீட்டின் இரண்டாம் கட்டில் பெரிய அடைப்பு கட்டப்போவதாகச் சொன்னாள். செட்டிநாட்டு வீடுகளில் இடத்துக்கா பஞ்சம்! செங்கல் சுமக்கக்கூட நாங்கள் முன்வந்தோம். பிறகுதான் யோசித்தோம். ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் ஆமையின் கால் வழுக்கும். ஓடு உறுதிப்பட நேர் வெயில் வேண்டும். மேயப் புல்லும், முட்டையிடத் தோண்ட மண்ணும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனை வீட்டில் வளர்ப்பதே குற்றம். 2019இல் உலக நாடுகள் கூடி இதன் பன்னாட்டு வாணிபத்தையும் தடுத்தன. கண்ட பொட்டலில் விட்டுவிடுவதும் சரியன்று, நோய் பரவக்கூடும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை என்றோம். தோழி இரண்டு நாள் எங்களுடன் பேசவில்லை. மூன்றாம் நாள், "வனத்துறை அலுவலகத்துக்கு என்னோடு யார் வருகிறீர்கள்?" என்று கேட்டாள்.