தேனீக்கு எட்டாத இனிப்பு

அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை ஹம்மிங் பறவைகள். இவற்றுக்காக அங்கே தோட்டங்களில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுகிறார்கள்: 1 பங்கு சர்க்கரை, 4 பங்கு தண்ணீர். அழையாத விருந்தாளி தேனீ. அது கூட்டமாக மொய்த்தால் பறவை பட்டினியோடு திரும்பும். பூச்சிமருந்து அடித்தாலோ இரண்டுக்குமே ஆபத்து. துவாரத்தில் எண்ணெய் தடவினால் பறவையின் இறகு ஒட்டிக்கொள்ளும்.

வழி எளிது. தலைகீழ்க் குப்பிக்குப் பதில் தட்டு வடிவக் கலம். அதில் தண்ணீர் துவாரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். பறவையின் நீண்ட நாக்குக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. சிவப்பு தேனீயின் கண்ணில் சரியாகப் படாது, மஞ்சள் படும். எனவே மஞ்சள் பூ அலங்காரம் கூடாது. ஒழுகவும் கூடாது.

இரண்டுமே மகரந்தம் சுமப்பவை. ஒன்றுக்கு விருந்து வைக்க மற்றதைக் கொல்வானேன்?