முழங்காலில் ஓர் ஒட்டு

பொங்கல் திருநாளை ஒட்டி நம் தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் கபடிக் களங்கள் உயிர் பெறுகின்றன. ஓடிய காலை ஊன்றிச் சட்டெனத் திரும்பும் இளைஞன், முழங்காலுக்குள் ஏதோ அறுந்த ஒலி கேட்டதாகக் கூறி விழுகிறான். சிறிது நேரத்தில் மூட்டு வீங்கிவிடுகிறது. ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்பது ஊர் வழக்கு. மருத்துவர் அதனை முன் சிலுவைத் தசைநார் என்பர். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் இரு நார்கள் மூட்டின் நடுவே சிலுவைபோல் ஒன்றையொன்று கடப்பதால் அமைந்த பெயர் இது.

நம்மவர் பலர் உடனே புத்தூர்க் கட்டை நாடுகின்றனர். எலும்பு முறிவுக்குக் கட்டு உதவலாம். முற்றிலும் அறுந்த இந்நாரோ பெரும்பாலும் கட்டினால் கூடுவதில்லை. வீக்கம் வடிந்ததும் குணமாயிற்று என்றெண்ணி மீண்டும் களமிறங்குவோர், மூட்டினுள் மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பையும் கிழித்துக்கொள்கின்றனர். அதற்காக அனைவருக்கும் அறுவை வேண்டுமென்பதன்று. நேராக நடந்து தொழில் செய்வோர் பலர் தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியாலேயே நலமாய் வாழ்கின்றனர். கால் அடிக்கடி நழுவுவோர்க்கும், ஓடி ஆடுவோர்க்குமே அறுவை பெரிதும் பயன்படும்.

பிரிட்டனைச் சேர்ந்த ஹே குரோவ்ஸ் 1917-ஆம் ஆண்டிலேயே தொடைப் பக்கத்து நார்ப்பட்டை ஒன்றை எலும்பில் துளையிட்டுச் செலுத்திப் புதிய நார் அமைத்தார். இன்று நோயாளியின் தொடைப் பின்புற நாண்களையோ, முழங்காற்சில்லின் கீழுள்ள நாணையோ எடுத்து ஒட்டாக வைக்கின்றனர். இளைஞர் ஒருவரின் இயல்பான நார் ஏறத்தாழ 2,160 நியூட்டன், அதாவது 220 கிலோ எடை தொங்குவதற்கு ஒப்பான இழுவையைத் தாங்கும். நான்காக மடித்த தொடை நாண் அதனினும் வலியது. எனினும் முதல் வாரங்களில் வலுக்குறைந்த இடம் நாணன்று. அதனை எலும்போடு பிடித்து நிறுத்தும் இடமே. ஜப்பானிய மருத்துவர் குரோசகாவும் அவர்தம் குழுவினரும் 1987-இல் இதனைச் சோதித்துக் காட்டினர்.

பிடித்து நிறுத்தும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று திருகு. மண்வெட்டிக் காம்பு ஆடாதிருக்க ஆப்பு வைத்து இறுக்குவோமல்லவா? அவ்வாறே துளையினுள் நாணுக்கும் எலும்புக்கும் இடையே திருகு நெருக்கி நிற்கிறது. மற்றொன்று பொத்தான். சுவரின் துளையில் கயிற்றை விட்டு மறுபுறம் குச்சியைக் குறுக்கே மாட்டுவது போல, நாணைத் தாங்கும் கண்ணியோடு ஒரு சிறு டைட்டேனியத் தகடு எலும்பின் வெளிப்புறத்தில் குறுக்காகத் தங்குகிறது. தொடை எலும்பில் பொத்தானும் கீழ்க்கால் எலும்பில் திருகும் வைப்பது பெருவழக்கு.

உடலில் கரையும் திருகுகளும் உண்டு. விலை மிகுந்ததே சிறந்ததென எண்ணிக் கடன் வாங்க முற்படும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம்: பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கியபோது, கரையும் திருகால் முழங்காலின் செயற்பாடு உலோகத் திருகைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. மருத்துவரிடம் காரணம் கேட்கத் தயங்கற்க. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உடையோர், 2008-இல் தொடங்கப்பெற்ற தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் முதலில் விசாரித்தல் நன்று.

‘இரும்புத் திருகு இருக்கிறதே, இனி என்ன பயம்?’ என்று இளைஞர் கேட்பதுண்டு. பாலக்கோடு, காரிமங்கலம் பகுதி மாந்தோப்புக்காரர் இதற்கு விடை அறிவர். ஒட்டுக் கன்றில் சுற்றிய கட்டு, ஒட்டு கூடும்வரை தாங்குவதற்கே. அதுபோல் எலும்புத் துண்டோடு எடுத்த நாண் துளையில் கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமும், தனி நாணுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரமும் ஆகலாம். அக்காலத்தில் நாணும் தற்காலிகமாகத் தளர்ந்து, புதிய இரத்த நாளங்கள் பரவிய பின்னரே வலுப்பெறுகிறது. வலியோ அதற்கு முன்பே நீங்கிவிடுகிறது, இடர் அங்கேதான். ஒன்பது மாதத்திற்கு முன் களமிறங்குவோர்க்கு மீண்டும் காயம் நேரும் வாய்ப்பு மிகுதி. தைத்திங்களில் அறுவை செய்துகொண்டவர் ஆயுத பூசைப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்குமுன் மருத்துவரிடம் காலின் வலுவைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

திருகை வெளியே எடுக்க வேண்டுமா எனத் தாய்மார் கேட்பர். தொல்லை தராதவரை அது அங்கேயே இருக்கலாம்.